கலம் கிண்ணத்தில் ஏன் ஒட்டுகிறது? கோவா இலையில் தொடங்கிப் பார்ப்போம்

கல வளர்ப்பை, அதாவது உயிர்க்கலங்களைக் கிண்ணத்தில் வைத்து வளர்ப்பதை, புதிதாகத் தொடங்குபவர்கள் கலத்தையும் அதற்கு உணவான ஊடகத் திரவத்தையும் பார்க்கிற அளவுக்குக் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை. கலம் ஒட்டுமா, விரியுமா, பெருகுமா என்பதில் அந்தக் கிண்ணத்தின் மேற்பரப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் ஒரு கோவா இலை. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் என்றால் தோட்டத்திலேயே கிடைக்கும். சாம்பல் பூத்த மாதிரி இருக்கும் வெளி இலையில் சின்ன நீர்த்துளி ஒன்று விடுங்கள், உருண்டு நிற்கும். பக்கத்தில் அந்த மெழுகை விரலால் தேய்த்து எடுத்துவிட்டு இன்னொன்று விடுங்கள், அது பரவிப் படுத்துவிடும். இலையும் நீரும் அதேதான், மேலிருந்த மெல்லிய படலம் மட்டும் போய்விட்டது.

சரி, இப்போது கிண்ணம். பக்றீரியா வளர்க்கும் பெத்திரிக் கிண்ணமும் கல வளர்ப்புக் கிண்ணமும் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான், ஆனால் பின்னதைப் பிளாஸ்மாவால் (மின்னேற்றம் பெற்ற வாயுவால்) பதப்படுத்தி ஒட்சிசன் அடங்கிய வேதிக் கூட்டங்களை மேற்பரப்பில் ஏற்றியிருப்பார்கள். இரண்டிலும் துளி விட்டு, போனைக் கிண்ணத்தின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் படம் எடுத்து, பாகைமானியால் தொடுகைக் கோணத்தை, அதாவது துளியின் விளிம்பு கிண்ணத்தோடு துளிக்குள் ஆக்கும் கோணத்தை, அளந்து பாருங்கள். முதலாவதில் 90 பாகையை ஒட்டியும் மற்றதில் 50 முதல் 70 வரையும் வரும். மூடுபனிக் காலையில் குளிர்ந்த கிண்ணத்தில் ஈரம் படிந்திருக்கும், அதைக் காயவிடாமல் அளந்தால் கோணம் தப்பாகத்தான் வரும்.

இந்தக் கோணம் கலத்துக்கு எதற்கு? கலம் பிளாஸ்டிக்கை நேரடியாகத் தொடுவதே இல்லை. ஊடகத்தை ஊற்றிய சில நொடிகளிலேயே அதில் சேர்த்திருக்கும் சீரத்தில் (இரத்தத்திலிருந்து பிரித்த திரவத்தில்) உள்ள புரதங்கள் மேற்பரப்பில் படிந்துவிடும், அப்புறம் வந்து சேரும் கலம் தன் மேற்பரப்பில் உள்ள இன்ரெகிரின் என்ற பிடிக்கும் புரதங்களால் அந்தப் புரதத்தைத்தான் பிடிக்கும். பதப்படுத்தாத பரப்பை அல்புமின் என்ற சீரப் புரதம் முந்திக்கொண்டு மூடிவிடும், அதில் கலத்துக்குப் பிடி இல்லை. பதப்படுத்திய பரப்பில் பைப்ரோநெக்ரின், விற்றோநெக்ரின் என்ற ஒட்டுப் புரதங்கள் கலம் பிடிக்கக்கூடிய வடிவத்திலேயே உட்காரும்.

ஆய்வுகூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு கிண்ணத்திலும் சதுர சென்ரிமீற்றருக்கு 10,000 பைப்ரோபிளாஸ்ட் (இணைப்பிழையக்) கலங்கள் இட்டு, 37 பாகை செல்சியஸில், 5% காபனீரொட்சைட்டில் வைத்து, 4 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் நுணுக்குக்காட்டியில் பாருங்கள். எண்ணுவதற்கு முன் மெதுவாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கும் கலமும் கணக்கில் சேர்ந்துவிடும். பதப்படுத்திய கிண்ணத்தில் கலங்கள் தட்டையாக விரிந்திருக்கும், பதப்படுத்தாததில் உருண்டை உருண்டையாக நிற்கும்.

இன்னும் சந்தேகமா? பதப்படுத்தாத கிண்ணத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 1 முதல் 5 மைக்குரோகிராம் வரை பைப்ரோநெக்ரின் பூசி, ஒரு மணி நேரம் விட்டு, அதே கலங்களை இடுங்கள். இப்போது அதிலும் விரியும். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இதுதான்.

மேற்பரப்பின் விறைப்பும் இப்படித்தான், கலத்தின் போக்கை மாற்றும். 2006இல் ஆய்வாளர் டெனிஸ் டிஷரின் குழு ஒரே வகைத் தண்டுக்கலங்களை (வேறு வேறு வகைக் கலங்களாக மாறக்கூடியவற்றை) வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தது. விறைப்பை அளக்கும் அலகான கிலோபஸ்காலில் 1க்குக் கீழே நரம்பின் சாயலும், 8–17இல் தசையின் சாயலும், 25–40இல் என்பின் சாயலும் தெரிந்தன. நீங்கள் ஜெல்லுக்குப் போகும்போது அவர்களைப் போலவே எல்லா ஜெல்லுக்கும் கொலாஜன் என்ற புரதம் பூசுங்கள், அளவும் ஒன்றாக இருக்கட்டும். அது கூடிக் குறைந்தால், நீங்கள் காணும் மாற்றம் விறைப்பால் வந்ததா புரதத்தால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை.