பழைய பள்ளிக் கட்டடத்தின் வயதைத் தேடுவது எப்படி?

முதலில் கேட்டிலுள்ள பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். பள்ளி தொடங்கிய வருடம் வேறு, கட்டடம் எழுந்த வருடம் வேறு. ஒரு பள்ளியில் இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு வாரத்தை வீணடித்திருக்கிறேன்.

சென்னை என்.எஸ்.சி. போஸ் சாலையில் பச்சையப்பன் பள்ளிக்காகக் கட்டிய பச்சையப்பன் மண்டபத்துக்குப் போய்ப் பழகுங்கள். வள்ளல் பச்சையப்ப முதலியார் இறந்தது 1794. அவர் விட்டுச்சென்ற பணம் நீண்ட வழக்குக்குப் பிறகே கல்விக்கு வந்தது. பள்ளி 1842இல் தொடங்கியது. மண்டபத்துக்கு அடிக்கல் 1846, திறப்பு 1850. ஆக, ஒரே இடத்துக்கு நான்கு வருடங்கள்! எது எதற்கென்று தனித்தனியாக எழுதிவையுங்கள்.

அப்புறம் எதிர்ச் சாரிக்குப் போய் நின்று தூண்களைப் பாருங்கள். ஏதென்ஸ் நகரக் கோயில் ஒன்றை மாதிரியாக வைத்துக் கட்டியது. காலை வெயிலில் போனால் நல்லது. பத்து மணிக்கு மேல் அந்தக் கூட்டத்தில் நிற்கவே முடியாது.

உள்ளே போக அனுமதி கிடைத்தால் கூரையை அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் என்றால் அது மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய கூரை முறை. கான்கிரீட் என்றால் பிற்காலத்து வேலை.

கடைசியாக, பழைய பதிவுகளைத் தேட எழும்பூர் ஆவணக் காப்பகம். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள்.