யார்க் வைக்கிங் திருவிழாவைக் குடும்பத்தோடு பார்ப்பது எப்படி?

வடக்கு இங்கிலாந்தின் யார்க் நகரை 866-இல் கைப்பற்றிய வைக்கிங்குகள் (ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடலோடிகள்) அதை யோர்விக் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரிலேயே ஆண்டுதோறும் பிப்ரவரியில், பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறை விடும் வாரத்தில், நகரின் நடுவே திருவிழா நடக்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். காரில் வருபவர்கள் ஊருக்கு வெளியே உள்ள நிறுத்தங்களில் வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் வருவதே புத்திசாலித்தனம்.

திருவிழாச் சந்தைக்குள் நுழைவதற்கு முன் யோர்விக் வைக்கிங் மையம் என்ற அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். 1976 முதல் 1981 வரை அகழாய்வு நடந்த கோப்பர்கேட் பகுதியிலேயே 1984-இல் திறக்கப்பட்ட இம்மையத்தில், திருவிழா வாரத்தில் வரிசை நீளும் என்பதால், காலை நேரத்துக்கு முன்பதிவு செய்துகொள்வது அவசியம். ஒற்றை ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்த கம்பளிக் காலுறையையும் மான் கொம்புச் சீப்புகளையும் பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்டுங்கள். (அவர்கள் என்னவோ 1972-இல் ஒரு வங்கிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த, சுமார் 20 செ.மீ. நீளமுள்ள கல்லாய்ப்போன மனிதக் கழிவின் முன்தான் அதிக நேரம் நிற்பார்கள்.)

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் கண்டதை வெளியே செய்து காட்டுபவர்கள் இருப்பதுதான் இந்தச் சந்தையின் சிறப்பு. சீப்பு செய்பவர் கடையில் இருந்தால் அவசரப்படாமல் நில்லுங்கள். கொம்பிலிருந்து அறுத்த சிறு தகடுகளை இரண்டு நீளப் பட்டைகளுக்கு நடுவே வைத்து ஆணி அடித்து இறுக்கிய பிறகே பற்களை ஒவ்வொன்றாக ரம்பத்தால் அறுப்பார்கள். அப்போது ரம்பம் பட்டையிலும் லேசாகக் கீறிவிடும். பழைய சீப்புகளிலும் அதே கீறலைக் காணலாம். கைவினைஞர்கள் கேள்வி கேட்கும் பிள்ளைகளை விரும்பி வரவேற்பார்கள். ஆனால் கருவிகளைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கப் பழக்குங்கள். கொம்பு வைத்த தலைக்கவசத்துக்குப் பிள்ளை அடம்பிடித்தால் வாங்கிக் கொடுப்பது உங்கள் விருப்பம். வைக்கிங் வீரர்கள் அப்படி அணிந்ததற்குச் சான்று இல்லை. 19-ஆம் நூற்றாண்டு மேடை உடைகள்தான் அந்தத் தோற்றத்தைப் பரப்பின. அந்தப் பணத்தில் மரக் கேடயம் ஒன்று வாங்கலாம் என்பது என் கருத்து.

ஊர்வலமும் போர்க்காட்சியும் பெரும்பாலும் வாரக் கடைசியில் நடக்கும். நேரமும் இடமும் மாறக்கூடியவை என்பதால் அந்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டே நாளைத் தேர்ந்தெடுங்கள். வாள்களின் முனை மழுங்கியதுதான் என்றாலும், கேடயங்கள் மோதும் சத்தத்துக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகள் மிரளலாம். அவர்களோடு தடுப்புக் கயிற்றை ஒட்டி நிற்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள். பிப்ரவரிக் குளிரில் அசையாமல் நிற்கும்போது முதலில் விறைப்பது பாதங்கள்தான் என்பதால், மேலங்கியைவிட முக்கியமானவை தடித்த காலுறையும் நீர்புகாத காலணியும். காட்சி முடிந்ததும் கூட்டம் ஒரே நேரத்தில் கலையும். ஆகவே திரும்பும் ரயிலில் இருக்கைகளை முன்பே பதிவு செய்துவிடுங்கள்.