வாலை வெட்டினால் வேர் தெரியும்: லத்தீன் 'குட்டி'ச் சொற்களைப் பிரிப்பது எப்படி?

பெரியப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ரீனல் கால்குலஸ்' என்றிருந்தது. பிளஸ் டூ கணக்குப் பாடத்தில் என்னைப் படுத்தியெடுத்த கால்குலஸ் இவர் சிறுநீரகத்துக்குள் எப்படிப் போனது? தேடப்போய்த்தான் லத்தீனின் குறுமைப் பெயர்கள் பிடிபட்டன. நாம் 'குட்டி' என்று முன்னால் சேர்ப்பதை அவர்கள் சொல்லின் வாலில் ஒட்டிவிடுவார்கள்.

படி 1: வாலைப் பாருங்கள். அடிச்சொல்லின் பாலுக்கேற்ப -உலுஸ், -உலா, -உலும் என்று வரும். முன்னால் இகரம் போன்ற உயிர் இருந்தால் -ஓலுஸ்: கிளாடியுஸ் என்றால் வாள், கிளாடியோலுஸ் சின்ன வாள். வாள்போல் இலை நீண்ட பூச்செடிக்கும் அதுதான் பெயர். -குலுஸ், -எல்லுஸ், -இல்லா என்றும் வால்கள் உண்டு.

படி 2: வாலை வெட்டுங்கள். கால்குலுஸில் மிஞ்சுவது 'கால்க்'. அதன் அடிச்சொல் கால்க்ஸ், அதாவது சுண்ணாம்புக்கல். ஆக, கால்குலுஸ் என்றால் சின்னக் கல். ரோமர்கள் பலகையில் கூழாங்கற்களை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். பெரியப்பாவுக்கும் கல், எனக்கும் கல்!

படி 3: ஏன் 'சின்ன' என்று கேளுங்கள். இதுதான் சுவையான இடம். சில சொற்களில் அளவு மட்டுமே: காப்சா பெட்டி, காப்சுலா சிறு பெட்டி. சிலவற்றில் சாயல்: தசையைக் குறிக்கும் மூஸ்குலுஸுக்கு நேர்ப்பொருள் சுண்டெலி. கையை மடக்கிப் பாருங்கள், தோலுக்கடியில் ஓடுகிறதா? சிலவற்றில் செல்லம்: அப்பாவின் படைமுகாமில் சிப்பாய் உடையில் திரிந்த பையனுக்கு வீரர்கள் வைத்த பெயர் காலிகுலா, 'குட்டி பூட்ஸ்'. கி.பி. 37இல் அவன் பேரரசன் ஆனான்.

எனக்குப் பிடித்தது பூபில்லா. பூபா என்றால் சிறுமி, பொம்மை. எதிரில் இருப்பவரின் கருவிழியை நெருங்கிப் பாருங்கள். பொம்மை அளவில் நீங்களே தெரிவீர்கள். அதனால் கண்மணிக்கு அந்தப் பெயர். நாமும் 'பாவை' என்றுதானே சொல்கிறோம்? 'கருமணியிற் பாவாய்' என்கிறது 1123ஆம் குறள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் எட்டிப்பார்த்திருக்கிறார்கள்.

படி 4: போலிகளிடம் ஏமாறாதீர்கள். வெஹிகுலும் குட்டி வண்டி அல்ல. வெட்டியபின் மிஞ்சுவது 'சுமந்து செல்' என்னும் வினை. வினையோடு ஒட்டிய -குலும் கருவியைக் காட்டும். நானும் முதலில் இதில் வழுக்கியவன்தான்.

சரி, பயிற்சிக்கு ஒன்று: ரானா என்றால் தவளை. ஈரநிலத்தில் பல வகைகள் வளரும் ரானுன்குலுஸ் என்ற பூச்செடியின் பெயரைப் பிரித்துப் பாருங்கள்.