பிரைமர் வாங்கப் போகும் தம்பிகள் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை ஹியூஸ்டனுக்கு வெளியே இருக்கும் எங்கள் ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் திடலில், ஒரு பையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வயது 19. வீட்டிலேயே தோட்டா கட்டுவதற்கான (ரீலோடிங்) பிரஸ், அதில் பொருத்தும் அச்சான டை, தராசு எல்லாம் வாங்கி வீட்டு மேசையில் பூட்டி வைத்துவிட்டானாம். தோட்டாவின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரை வாங்கக் கடைக்குப் போனால், 21 ஆகட்டும், அப்புறம் வா என்று அனுப்பிவிட்டார்களாம். "பிரஸ் வித்தாங்க, பிரைமர் தரமாட்டேங்கிறாங்க. இது என்ன நியாயம் அண்ணா?"

நானும் 2013-இல் இதே கேள்வியைக் கேட்டவன்தான். கேட்டதோடு நிற்காமல் ஒரு வேலையும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போவது, கடை மூடும் நேரத்தில் போய் நிற்பது மாதிரியானவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதையெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகக் கற்றுக்கொள்வீர்கள்.

"தோட்டா வேறு, சாமான் வேறு" என்று நினைப்பது

முழுத் தோட்டாவுக்குத்தானே வயது வரம்பு, நான் வாங்குவது வெறும் பவுடரும் பிரைமரும்தானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. துப்பாக்கியில் பயன்படுத்த என்று செய்யப்பட்ட கூடு, பிரைமர், குண்டு, பவுடர் ஆகிய நான்கில் எது தனியாக இருந்தாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தோட்டாதான். ஆகவே தோட்டாவுக்கு உள்ள வயது இதற்கும் உண்டு. உரிமம் பெற்ற கடைக்காரர் ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் உரியதை 18 முடியாதவருக்கு விற்கக் கூடாது. கைத்துப்பாக்கிக்கு உரியது என்றால் 21.

உரிமம் இல்லாத தனி ஆள் விற்கும்போது கணக்கு கொஞ்சம் மாறும். கைத்துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும் தோட்டாவை 18-க்குக் கீழே உள்ளவருக்கு யாரும் தரக் கூடாது என்று 1994-இல் தனியாக ஒரு விதி வந்தது. பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு பயிற்சிக்குச் சுடுவது போன்ற சில விலக்குகள் அதில் இருக்கின்றன.

பிரஸ், டை, தராசு எல்லாம் வெறும் இரும்பு. மத்திய சட்டத்தில் அவற்றுக்கு வயது வரம்பே கிடையாது. அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஷாட்கன்காரர்களுக்கு ஒரு கொசுறு. ஷாட்கன்னில் போடும் சிறிய ஈய ரவையும், பிரைமர் இல்லாத பிளாஸ்டிக் கூடும் இந்த வரையறைக்கு வெளியே என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் கூடு முழுவதற்கும் ஒரே குண்டாகப் போடும் ஸ்லக் உள்ளேதான் வரும். நான் பள்ளியில் ட்ராப், அதாவது பறக்கும் களிமண் தட்டு, சுட ஆரம்பித்தபோது ஈய மூட்டையை எளிதாகத் தூக்கிக்கொண்டு வந்ததும், பவுடர் டப்பாவுக்கு மட்டும் அட்டையைக் கேட்டதும் ஏன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது.

"ரைஃபிளுக்கு" என்று பொய் சொல்வது

இனி என் கதை.

2013-இல் பிரைமர் பஞ்சம். காலையில் கடை திறக்குமுன்பே வரிசை நிற்கும். ஆளுக்கு ஒரு பிரிக்தான். ஆயிரம் பிரைமர் கொண்ட பெட்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிரிக் என்றால் செங்கல், அளவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். எனக்கு 19. ட்ராப்பை விட்டு, அப்பாவின் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலோடு போட்டிகளுக்குப் போக ஆரம்பித்திருந்தேன். வேண்டியது ஸ்மால் பிஸ்டல் பிரைமர். முதல் தடவை போய், பிஸ்டலுக்கு என்று உண்மையைச் சொன்னேன். தரவில்லை.

ரேஞ்சில் ஒரு பெரியவர் இருந்தார். எதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பவர். "கார்பைனுக்குன்னு சொல்லு. முடிஞ்சது" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ரைஃபிள், பிஸ்டல் இரண்டிலும் போகும் தோட்டாவை, ரைஃபிளில் போடத்தான் வாங்குகிறார் என்று கடைக்காரருக்கு நம்பிக்கை வந்தால், 18 முடிந்தவருக்கு விற்கலாம். பிஸ்டலின் ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவையே போடும் கார்பைன் என்று ஒரு குட்டை ரைஃபிள் வகை இருக்கிறது; .357 மேக்னம் லீவர் ரைஃபிளிலும் போகும். என்னிடம் கார்பைன் இல்லை என்பதுதான் மீதிப் பாதி.

அடுத்த வாரம் போனேன். கல்லாவில் வேறு ஆள். பிரிக்கை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். அதன்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டே, எந்தத் துப்பாக்கிக்கு என்றார். கார்பைனுக்கு என்றேன். என்ன கார்பைன் என்றார். ஒன்பது மில்லி என்றேன். யாருடையது? மாமாவுடையது. குழல் எவ்வளவு நீளம் இருக்கும்? இந்தக் கேள்விக்கு நான் தயாராகவே இல்லை. மனதில் அப்பாவின் பிஸ்டல்தான் இருந்தது. இரண்டு கையையும் தூக்கி, இவ்வளவு, ஒரு அஞ்சு அங்குலம் என்று காட்டினேன்.

ரைஃபிள் குழல் 16 அங்குலமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய சமாச்சாரம். எனக்குப் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. விரலை எடுக்காமலேயே பிரிக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "தம்பி, இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே, வீட்டுக்குப் போ" என்கிற தொனியில் ஏதோ சொன்னார். அந்தப் பிரிக்கைப் பின்னால் நின்றவரே வாங்கிக்கொண்டு போனார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது.

இதில் எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன். எனக்கு 21 ஆகும்வரை அந்தக் கடையில் எதுவும் விற்கக் கூடாது என்று கல்லாப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டார்கள். பிஸ்டல் சாமானை விடுங்கள், எனக்கு உரிமை இருந்த ஷாட்கன் பவுடரும் அன்றோடு போயிற்று. அடுத்த கடை 70 மைல். இரண்டு வருடம் டப்பா டப்பாவாக அந்த 70 மைல் போய் வந்தேன். அந்த வருடப் போட்டிகள் முழுவதும் போயின. அப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது திட்டவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

நான் தப்பித்தேன் என்பதே ஐந்தாறு வருடம் கழித்து, சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. உரிமம் பெற்ற கடைக்காரரிடம் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கும்போது, அந்த விற்பனை சட்டப்படி செல்லுமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்வது மத்தியக் குற்றம். எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, வாயால் சொன்னாலும் போதும். வாங்க முயன்றாலே போதும், பொருள் கைக்கு வந்திருக்கத் தேவையில்லை. அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டு. மேலே சொன்ன வரையறையை இங்கே பொருத்திப் பாருங்கள்: பிரைமரும் தோட்டா. ஆக, முப்பது சொச்சம் டாலர் அட்டைப்பெட்டிக்காக நான் கையைத் தூக்கிக் காட்டிய அந்த ஐந்து அங்குலம் அந்தப் பிரிவுக்குள் அழகாக உட்காரும். அப்படி ஒரு தீர்ப்பு விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு துப்பாக்கியையோ தோட்டாவையோ தொடவே முடியாது.

கடைக்காரர் என்னைத் துரத்தியது கோபத்தில் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் என்று தெரிந்த பிறகும் விற்றால் அவருடைய உரிமம் போகும். அவர் பிழைப்பு அது.

உண்மையிலேயே உங்களிடம் கார்பைன் இருந்தால் பேர், மாடல், குழல் நீளம் எல்லாம் தெரிந்துகொண்டு போங்கள். போனில் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தரமாட்டேன் என்றால் அது அவர் விருப்பம்; நம்பிக்கை வர வேண்டியது அவருக்கு. இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அந்தப் பெரியவர் இன்னமும் ரேஞ்சுக்கு வருகிறார். இன்னமும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். சனிக்கிழமை அந்தப் பையனிடமும் சொல்லியிருக்கிறார்.

கடை வாசலில் நிற்கும் ஆளிடம் காசு கொடுத்து அனுப்புவது

வேண்டாம்.

தீர்ப்பு வந்துவிட்டதே என்று கல்லாவில் வாதாடுவது

இது புது வியாதி. 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கு உரிமம் பெற்ற கடைகள் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்ற தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. டெக்சாஸ் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதே வருடம் ஜூனில் நான்காவது வட்டார நீதிமன்றம் அதே தடை செல்லும் என்றது. ஒரே சட்டத்துக்கு இரண்டு பதில். இப்படி இழுபறியாக இருக்கும் விஷயத்தைக் கல்லாவில் நிற்கும் ஆள் உங்களுக்காகத் தீர்த்துவைக்க மாட்டார்.

அதோடு, சட்டம் கேட்பதைவிடக் கூடுதல் வயதைக் கடை தானே வைத்துக்கொள்ளலாம். வால்மார்ட் 2018-இல் துப்பாக்கி, தோட்டா எல்லாவற்றுக்கும் 21 என்று மாற்றியது. ஷாட்கன்னுக்கு 18 என்று நீங்கள் அச்செடுத்துக்கொண்டு போனாலும் அங்கே வேகாது.

பக்கத்து மாநிலத்திலும் இதே கதைதான் என்று நம்புவது

இலினாயில் தோட்டா வாங்கவும் வைத்திருக்கவும் மாநிலம் தரும் தனி அட்டை வேண்டும். மாசசூசெட்ஸ் சட்டம் பிரைமரையும் பவுடரையும் பேர் சொல்லியே தோட்டாவில் சேர்த்திருக்கிறது. அதற்கும் உரிமம் வேண்டும். டெக்சாஸில் வளர்ந்துவிட்டு வேலைக்காகப் பாஸ்டன் போகிறவர்கள் டப்பாக்களைக் காரில் ஏற்றுவதற்கு முன்னால் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

இணையத்தில் ஆர்டர் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விடுவது

பவுடரும் பிரைமரும் அபாயப் பொருள். பார்சலுக்குத் தனிக் கட்டணம் உண்டு. வாங்கும் டப்பாவின் விலையைவிட அது அதிகமாகப் போகும் நாளும் உண்டு. பல கடைகள் வயதுவந்தவர் கையெழுத்து கேட்டு அனுப்புகின்றன. கூரியர்காரர்கள் கணக்கில் வயதுவந்தவர் என்றால் 21. வாசலில் 19 வயதுக்காரன் நின்றால் வண்டி பெட்டியோடு திரும்பிவிடும். திரும்பிய பெட்டிக்கு அபாயக் கட்டணத்தைப் பொதுவாகத் திருப்பித் தர மாட்டார்கள். "18 ஆகிவிட்டது" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டேனே என்று அந்த ஓட்டுநரிடம் சொல்லிப் பயனில்லை.

மிச்சத்தை நண்பனுக்குத் தபாலில் அனுப்புவது

அமெரிக்க அஞ்சலில் பிரைமர், பவுடர், தோட்டா எதுவும் போகக் கூடாது. ஒரு டப்பாகூட.

வயது ஆகிவிட்டது, இனி என்ன என்று விசாவை மறப்பது

நம் ஆட்கள் அதிகம் விழும் குழி இது. எஃப்-1 மாணவர், எச்-1பி ஊழியர் எல்லாம் குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள். அவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. தண்டனை 2022 முதல் பதினைந்து ஆண்டு வரை.

என்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு மென்பொருள்காரருக்கு வயது 34. துப்பாக்கி வேண்டாம், சும்மா பொழுதுபோக்குக்குத் தோட்டா கட்டிப் பழகுகிறேனே என்று பவுடர் டப்பா வாங்கக் கிளம்பினார். பவுடர் டப்பாவும் தோட்டாதான் சார் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வந்து மறு வாரம் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு அன்று 19 வயதில் கிரீன் கார்டு இருந்தது. எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடி மேசைக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

பிரஸ் வெறும் இரும்புதானே என்று ஊருக்குக் கொண்டுபோவது

இங்கே இரும்பு. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் தோட்டாவின் பாகங்களும் வருகின்றன, அதைச் செய்யும் இயந்திரமும் வருகிறது. தோட்டா வைத்திருக்க உரிமம் வேண்டும், 21 வயதும் முடிந்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமா பையன் துப்பாக்கி சுடும் போட்டிகளில் ஆர்வமுள்ளவன், 17 வயது. அண்ணா, வரும்போது உங்க பழைய பிரஸ்ஸைக் கொண்டு வாங்க என்று போன வருடம் கேட்டான். பெட்டியில் துணிக்கு நடுவே வைத்தும்விட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி என்னவோ உறுத்தி, சட்டத்தைத் திறந்து படித்துவிட்டு அதை எடுத்து மறுபடி கராஜ் அலமாரியில் வைத்தேன். அப்புறம் பெட்டியை முழுக்கக் கவிழ்த்து உதறினேன். ரேஞ்சுக்குப் போட்டுக்கொண்டு போகும் ஜீன்ஸ் பையிலிருந்து இரண்டு வெற்றுப் பித்தளைக் கூடு விழுந்தது.