எஸ்.பி.சி. ஒன்றை மட்டும் பார்த்து ஃபுட்டிங் போடாதீர்கள்: தாங்குதிறனும் செட்டில்மென்ட்டும் கணக்கிடும் முறை

சாயில் ரிப்போர்ட்டின் (மண் பரிசோதனை அறிக்கையின்) கடைசிப் பக்கத்தில் "எஸ்.பி.சி. 15 டன்" என்று ஒரு வரி இருக்கும், அதாவது மண் பாதுகாப்பாகத் தாங்கும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 15 டன். டிசைன் செய்பவர் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் போடும் அகலமான அடித்தளம்) அளவைப் போட்டுவிடுவார், மீதிப் பக்கங்களை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த 15 டன் எந்த அகலத்துக்கு, எந்த ஆழத்துக்கு, தண்ணீர் மட்டம் எங்கே இருக்கிறதென்று வைத்து, எத்தனை மில்லிமீட்டர் இறங்கலாம் என்று அனுமதித்துப் போட்டது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஒரு மண்ணுக்கென்று நிரந்தரமான எஸ்.பி.சி. கிடையாது. ஃபுட்டிங் மாறினால் அதுவும் மாறும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சுமை ஏறினால் மண் வெட்டுப்பட்டுப் பக்கவாட்டில் பிதுங்குமா? பிதுங்காது என்றால், எவ்வளவு இறங்கும்? முதலாவது தாங்குதிறன், அதற்கு இந்தியத் தரநிலை (கோடு) ஐ.எஸ். 6403. இரண்டாவது செட்டில்மென்ட் (மண் இறங்குவது), அதற்கு ஐ.எஸ். 8009 முதல் பகுதி. இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, எது குறைவான அழுத்தத்தைக் கொடுக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். இளகிய களிமண் உள்ள இடத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான் முடிவு செய்யும், ஆனால் பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்க்கலாம். சென்னை பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய பகுதி மாதிரி இளகிய களிமண் உள்ள இடத்தை மனதில் வைத்து, கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. தரையிலிருந்து 3.5 மீட்டர் வரை கெட்டியான களிமண், 3.5 முதல் 5.5 மீட்டர் வரை இளகிய களிமண், அதற்குக் கீழே இறுகிய மணல். மழைக்காலத்தில் தண்ணீர் 1.5 மீட்டர் ஆழத்தில். மாடி வீடு, உள் காலம் (தூண்) ஒன்றில் 400 கிலோநியூட்டன், அதாவது சுமார் 40 டன். ஃபுட்டிங் 1.8 மீட்டர் சதுரம், 1.5 மீட்டர் ஆழத்தில். அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் சொல்கிறேன், 10 கிலோபாஸ்கல் ஏறத்தாழ சதுர மீட்டருக்கு ஒரு டன்.

கணக்குக்கு முன் டேட்டா. எஸ்.பி.டி.யில் (சுத்தியலால் அடித்து மண்ணின் இறுக்கத்தை அளக்கும் சோதனை) 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விடுவார்கள், முதல் 15 செ.மீ. இறங்கும் அடிகளைத் தள்ளிவிட்டு அடுத்த 30 செ.மீ.க்கான அடிகளை எண்ணினால் அதுதான் 'என்' மதிப்பு. மணலுக்கு இது நல்ல சோதனை. களிமண்ணுக்கு 'என்' மதிப்பை மட்டும் நம்பாதீர்கள், அன்டிஸ்டர்ப்டு (கலையாத) சாம்பிள் எடுத்து, வலிமைக்கு அன்கன்ஃபைன்ட் டெஸ்ட்டும் மெல்ல இறங்குவதற்குக் கன்சாலிடேஷன் டெஸ்ட்டும் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் போர் (மண்ணைச் சோதிக்கப் போடும் துளை) ஆழம். ஃபுட்டிங் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் கீழே போனால் போதும் என்ற விதிப்படி இங்கே 4.2 மீட்டரில் நிறுத்தினால், இளகிய களிமண்ணின் நடுவிலேயே நின்றுவிடுவோம், அது எவ்வளவு தடிமன் என்றே தெரியாது. இளகியதைத் தாண்டிக் கீழே உள்ள இறுகிய அடுக்கைத் தொடும் வரை போகச் சொல்லுங்கள், கூடுதலாக ஆகும் செலவு காலத்தில் போடும் கம்பிச் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போது தாங்குதிறன். கெட்டியான களிமண்ணின் அன்கன்ஃபைன்ட் வலிமை 120 கிலோபாஸ்கல் என்றால் ஒட்டுவலிமை அதில் பாதி, 60. களிமண்ணில் சுமை ஏறும் வேகத்துக்குத் தண்ணீர் வெளியேற முடியாது, அதனால் உராய்வைக் குறிக்கும் ஃபை கோணத்தைப் பூஜ்யமாக எடுக்கிறோம். அப்போது ஐ.எஸ். 6403-இன் பெரிய சூத்திரத்தில் மிஞ்சுவது முதல் உறுப்பு மட்டுமே: ஒட்டுவலிமை × 5.14 × வடிவக் காரணி. சதுரத்துக்கு வடிவக் காரணி 1.3.

60 × 5.14 × 1.3 = 401 கிலோபாஸ்கல். இது நெட் அல்டிமேட், அதாவது மண் பிதுங்கும் எல்லை. பாதுகாப்புக் காரணி 3-ஆல் வகுத்தால் 134.

ஆழக் காரணியையும் சேர்த்தால் இன்னும் 17 சதவீதம் கூடும். நான் சேர்ப்பதில்லை. குழியை நிரப்பும் மண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கினால்தான் அதைச் சேர்க்கலாம் என்று கோடே சொல்கிறது, நம் சைட்டுகளில் வானம் தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி மூடுவதுதான் நடக்கிறது.

காலம் தரும் அழுத்தம் 400-ஐ 3.24-ஆல் வகுத்தால் 123. அனுமதி 134. பாஸ். கீழே உள்ள இளகிய அடுக்கையும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். சுமை இரண்டுக்கு ஒன்று சரிவில் (2 மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர்) பரவுகிறது என்று எடுத்தால், ஃபுட்டிங்குக்கு 2 மீட்டர் கீழே அது 3.8 மீட்டர் சதுரமாக விரிந்திருக்கும், அங்கே அழுத்தம் 28 கிலோபாஸ்கல்தான். இளகிய களிமண்ணின் ஒட்டுவலிமை 30 என்றால் அதன் பாதுகாப்பான அளவு 67. அதுவும் பாஸ். பல ரிப்போர்ட்டுகள் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

இனி செட்டில்மென்ட். களிமண்ணில் இது இரண்டு பகுதி: சுமை ஏறியதுமே இறங்குவது ஒன்று, துளைகளில் உள்ள தண்ணீர் மெல்ல வெளியேறி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்குவது இன்னொன்று, இதுதான் கன்சாலிடேஷன்.

உடனடி இறக்கத்துக்கு: அழுத்தம் × அகலம் × (1 − பாய்சான் விகிதத்தின் வர்க்கம்) × வடிவ எண் ÷ மண்ணின் மாடுலஸ் (விறைப்பு). விகிதம் 0.5, விறைப்பான சதுர ஃபுட்டிங்குக்கு வடிவ எண் 0.82, மாடுலஸ் 18,000 கிலோபாஸ்கல் என்று வைத்தால் 7.6 மி.மீ. வருகிறது.

கன்சாலிடேஷனுக்கு அடுக்கு அடுக்காகப் பிரியுங்கள். ஃபுட்டிங்குக்குக் கீழே மிஞ்சும் 2 மீட்டர் கெட்டியான களிமண்ணை இரண்டு ஒரு மீட்டர் துண்டுகளாக்கினால், அவற்றின் நடுவில் கூடும் அழுத்தம் 76, 37. கன்சாலிடேஷன் டெஸ்ட்டில் 'எம்வி' (ஒரு கிலோபாஸ்கலுக்கு மண் சுருங்கும் பங்கு) 0.0001 என்று வந்திருந்தால் இரண்டும் சேர்ந்து 11 மி.மீ.

இளகிய அடுக்கில்தான் விஷயம் இருக்கிறது. அதன் நடுமட்டம் தரைக்கு 4.5 மீட்டர் கீழே. அங்கே ஏற்கெனவே உள்ள பயனுறு அழுத்தம், தண்ணீருக்குக் கழித்தபின், 50 கிலோபாஸ்கல். நம் காலத்தால் கூடுவது 400 ÷ 4.8² = 17.4. லிக்விட் லிமிட் (மண் கூழாகும் ஈர அளவு) 60 என்றால் கம்ப்ரஷன் இன்டெக்ஸ் (மண் எவ்வளவு அமுங்கும் என்ற எண்) தோராயமாக 0.009 × (60 − 10) = 0.45, லேப் மதிப்பு இருந்தால் அதையே போடுங்கள். வாய்ட் ரேஷியோ (துளைகளுக்கும் திடப்பொருளுக்கும் உள்ள விகிதம்) 1.

0.45 × 2000 ÷ (1 + 1) × லாக் (67.4 ÷ 50) = 58 மி.மீ.

வெறும் 17 கிலோபாஸ்கல், இரண்டு டன்கூட இல்லை, அதற்கு 58 மி.மீ. மொத்தம் 77. ஐ.எஸ். 1904-இன் 1986 பதிப்பில், பிளாஸ்டிக் களிமண்ணில் நிற்கும் கான்கிரீட் கட்டடத்தின் தனி ஃபுட்டிங்குக்கு 75 மி.மீ. வரை அனுமதி இருந்தது. துளைநீர் அழுத்தத்துக்கான திருத்தத்தைப் போட்டால் 60-ஐ ஒட்டி வந்துவிடும், ஆக இதுவும் பாஸ் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள், பக்கத்துக் காலத்தையும் போட்டுப் பாருங்கள்.

நான்கு மீட்டர் தள்ளி மூலைக் காலம், சுமை 200 கிலோநியூட்டன், ஃபுட்டிங் 1.3 மீட்டர் சதுரம். அழுத்தம் 118, கிட்டத்தட்ட உள் காலத்துக்குச் சமம். அதே அழுத்தத்துக்கு டிசைன் செய்துவிட்டோம், இரண்டும் சமமாக இறங்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டால் மூலைக் காலம் 52 மி.மீ.தான் இறங்குகிறது. வித்தியாசம் 25 மி.மீ., நான்கு மீட்டருக்கு 25 என்றால் 160-இல் ஒரு பங்கு. அதே 1986 பதிப்பு அனுமதித்தது 666-இல் ஒரு பங்கு, அதாவது 6 மி.மீ. மட்டும். திருத்தம் போட்ட பிறகும் வித்தியாசம் 20-ஐ ஒட்டி நிற்கிறது. பீமின் விறைப்பு இதில் கொஞ்சத்தைத் தாங்கும், ஆனால் அதற்கான கூடுதல் மொமென்ட்டை யாரும் பீமில் போட்டிருப்பதில்லை. சன்னல் மூலையிலிருந்து கோணலாக ஏறும் விரிசல் இப்படித்தான் பிறக்கிறது. வீடு முழுக்கச் சமமாக 60 மி.மீ. இறங்கினால் வாசற்படியும் குழாய் இணைப்பும்தான் தொந்தரவு தரும், சுவர் பிளக்காது.

உள் காலத்தின் கீழே பக்கத்து ஃபுட்டிங்குகளின் அழுத்தமும் வந்து சேரும், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சரி, ஃபுட்டிங்கைப் பெரிதாக்கினால்? 1.8-ஐ 2.4 ஆக்கிப் பாருங்கள். பரப்பு 78 சதவீதம் கூடுகிறது, இளகிய அடுக்கின் இறக்கம் 58-லிருந்து 47-க்குத்தான் வருகிறது. ஆழத்தில் இருக்கும் அடுக்குக்குக் காலத்தின் மொத்தச் சுமைதான் கணக்கு, ஃபுட்டிங் அடியில் அழுத்தம் எவ்வளவு என்பது அங்கே போவதற்குள் கரைந்துவிடுகிறது. ஆழமாகத் தோண்டினாலும் ஆபத்துதான், இளகிய அடுக்குக்கு நெருங்கிப் போகிறோம். இந்த மண்ணில் எனக்குச் சரியாகப் படுவது இரண்டு வழி: எல்லாக் காலங்களையும் இணைத்து விறைப்பான ராஃப்ட் (கட்டடம் முழுக்க ஒரே கான்கிரீட் தளம்) போட்டு வித்தியாச இறக்கத்தைக் குறைப்பது, இல்லையென்றால் 5.5 மீட்டரில் இருக்கும் மணலுக்குள் பைல் (ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) இறக்குவது.

மணல் என்றால் கணக்கு வேறு. ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் போல மணல், ஃபை 30 டிகிரி, திருத்திய 'என்' 10, ஃபுட்டிங் 1.5 மீட்டர் சதுரம், 1.2 மீட்டர் ஆழம், தண்ணீர் ஃபுட்டிங் அடி மட்டத்தில் என்று வையுங்கள். ஐ.எஸ். 6403 அட்டவணையில் 30 டிகிரிக்குத் தாங்குதிறன் காரணிகள் 'என்க்யூ' 18.4, 'என்காமா' 22.4. ஆழத்து மண்ணின் எடையால் 426, அகலத்தால் 114, மொத்தம் 540, மூன்றால் வகுத்தால் 180 கிலோபாஸ்கல். தண்ணீர் தரை மட்டம் வரை ஏறினால் அதுவே 109 ஆகிவிடும். அதனால் மே மாதத்தில் போட்ட போரில் தண்ணீர் தெரியவில்லை என்பதை வைத்து டிசைன் செய்யாதீர்கள், பக்கத்துக் கிணற்றில் ஐப்பசி, கார்த்திகையில் எங்கே நிற்கும் என்று விசாரியுங்கள். 25 மி.மீ. இறக்கத்துக்கு மேயர்ஹாஃப் முறையில் 8 × 10 × (1.8 ÷ 1.5)² = 115 வருகிறது. பிறகு வந்தவர்கள் இது மிகவும் கஞ்சத்தனமான எண், பாதி கூட்டலாம் என்றார்கள், கூட்டினாலும் 173, அப்போதும் 180-ஐத் தொடவில்லை. தளர்ந்த மணலாக இருந்தால் டேன் ஃபையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எடுக்க வேண்டும், அப்போது 30 டிகிரி 21 ஆகி 'என்க்யூ' 7 அளவுக்கு விழுந்துவிடும்.

பிளேட் லோடு டெஸ்ட் போதுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 30 செ.மீ. பிளேட் தனக்குக் கீழே சுமார் 60 செ.மீ. வரைதான் மண்ணைச் சோதிக்கிறது. மேலே கணக்குப் போட்ட களிமண் மனையில் அது கெட்டியான களிமண்ணை மட்டும் பார்த்துவிட்டு நல்ல எண்ணைக் கொடுக்கும், 3.5 மீட்டரில் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. கரிசல் மண்ணாக இருந்தால் இந்த இரண்டு கணக்குமே போதாது, வீக்கத்துக்குத் தனியாக ஃப்ரீ ஸ்வெல் சோதனை செய்துவிட்டு அண்டர்ரீம்டு பைல் (அடியில் குமிழ் போல விரிந்த பைல்) பக்கம் யோசியுங்கள்.

கடைசியாக, தாழ்வான மனையில் மண் கொட்டி உயர்த்துவது. இதை யாரும் சுமையாகவே நினைப்பதில்லை. ஒரு மீட்டர் உயரம் கொட்டினால் 18 கிலோபாஸ்கல், அதுவும் மனை முழுக்க, ஆழம் போகப்போகக் குறையாத அழுத்தம். நம் இளகிய அடுக்கில் 40 டன் காலம் தந்தது 17.4, இந்த மண் தருவது 18. வீடு கட்டாமலே அந்த அடுக்கு 60 மி.மீ. இறங்கும். எத்தனை நாளில் என்பது தண்ணீர் வெளியேறும் வழியைப் பொறுத்தது: 'சிவி' (கன்சாலிடேஷன் நடக்கும் வேகம்) வருடத்துக்கு ஒரு சதுர மீட்டர் என்றால், மேலேயும் கீழேயும் வடிந்தால் 90 சதவீதம் முடிய பத்து மாதம், கீழே உள்ள மணல் வழியாக மட்டும் வடிந்தால் மூன்றரை வருடம். அதனால் மண் கொட்ட வேண்டுமென்றால் மனை வாங்கிய உடனே கொட்டிவிடுங்கள், நான்கு மூலையிலும் மட்டக்குறி வைத்து மாதம் ஒரு தடவை லெவல் எடுங்கள், இறக்கம் அடங்கிய பிறகு ஃபுட்டிங் போடுங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் சாயில் ரிப்போர்ட் எழுதுபவரிடம் எத்தனை மீட்டர் கொட்டப் போகிறோம் என்பதைச் சொல்லி, செட்டில்மென்ட் கணக்கில் அந்த 18-ஐச் சேர்க்கச் சொல்லுங்கள்.