சட்டம் படிக்க ஆரம்பிக்கிறீங்களா? கேஸ் கட்டுல இருந்து ஆரம்பிங்க

கைமாத்தா குடுத்த காசு திரும்பி வரலன்னு ஸ்டேஷனுக்குப் போனா "இது சிவில் மேட்டருங்க, கோர்ட்ல பாத்துக்கோங்க"ன்னு அனுப்பிடுவாங்க, வெளிய வந்து டீக்கடையில நின்னுட்டு நம்மாளு கேக்குற கேள்வி, "சிவில்னா என்னய்யா?" இந்தப் பதிவு அவருக்குத்தான். நான் வக்கீல் கிடையாது, வக்கீல் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் டைப் அடிச்சவன். சட்டம்னா என்னங்கிற விளக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சீங்கன்னா நாலாவது பக்கத்துல தூங்கிடுவீங்க (நான் தூங்கிருக்கேன்). அதனால தலைகீழா போவோம்.

ஸ்டெப் 1: கேஸ் நம்பருக்கு முன்னாடி இருக்குற எழுத்தைப் பாருங்க

தமிழ்நாட்டு கோர்ட்ல எந்தக் கட்டை எடுத்தாலும் மேல ரெண்டு மூணு எழுத்து இருக்கும், அந்த எழுத்தே அது சட்டத்துல எந்தக் கிளைன்னு சொல்லிடும். ஓ.எஸ்.னா ஒரிஜினல் சூட், சிவில். சி.சி.ன்னா காலண்டர் கேஸ், மாஜிஸ்திரேட் முன்னாடி நடக்குற கிரிமினல் வழக்கு. எஸ்.சி.ன்னா செஷன்ஸ் கேஸ், கொலை மாதிரி பெரிய குற்றம் (சுப்ரீம் கோர்ட்னு நினைச்சுடாதீங்க, நான் முதல் வாரம் அப்படித்தான் நினைச்சேன்). எம்.சி.ஓ.பி. விபத்து நஷ்டஈடு, ஹெச்.எம்.ஓ.பி. இந்து திருமணச் சட்டத்துல வர்ற டைவர்ஸ் மாதிரி மனு, டபிள்யூ.பி. ஹைகோர்ட்ல போடுற ரிட், அதாவது அரசாங்கமோ அதிகாரியோ செஞ்சது தப்புன்னு போடுற மனு. ஈகோர்ட்ஸ் ஆப்ல ஏதாவது ஒரு கோர்ட்டைத் திறந்து அன்னைக்கு லிஸ்ட்டைப் பாத்தாலே அரை மணி நேரத்துல கை பழகிடும்.

ஸ்டெப் 2: ஒரே சம்பவத்தை எடுத்து எத்தனை கேஸ் வருதுன்னு எண்ணுங்க

பைக்ல போறவரை பின்னாடி வந்த லாரி இடிச்சு கால் உடைஞ்சிடுச்சுன்னு வச்சுக்கோங்க. போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடுவாங்க, கண்மூடித்தனமா ஓட்டினதுக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த குற்றவியல் சட்டம்) 281-வது பிரிவு, காயம் ஏற்படுத்தினதுக்கு 125, இது கிரிமினல், இங்க டிரைவருக்கு எதிரா நிக்கிறது அடிபட்டவர் இல்ல, அரசாங்கம். அடிபட்டவருக்கு ஆஸ்பத்திரி செலவும் போன சம்பளமும் வேணும், அதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரிப்யூனல்ல (விபத்து நஷ்டஈட்டைத் தீர்மானிக்கிற தீர்ப்பாயம்) எம்.சி.ஓ.பி., அங்க எதிர்த்தரப்பு லாரி ஓனரும் இன்சூரன்ஸ் கம்பெனியும். இன்னொரு பக்கம் ஆர்.டி.ஓ. லைசென்ஸை சஸ்பெண்ட் பண்றாரு, அது நிர்வாகச் சட்டம்.

இடிச்சது ஒரு தடவை, சட்டம் மூணு. "இந்தப் பிரச்சனை எந்தக் கிளை?"ன்னு கேட்டா பதிலே கிடைக்காது, "யாரு, யார்கிட்ட, என்ன கேக்குறாங்க?"ன்னு கேக்கணும். ஜெயில்ல போடுங்கன்னா கிரிமினல், காசையோ இடத்தையோ வாங்கிக் குடுங்கன்னா பெரும்பாலும் சிவில், அதிகாரி போட்ட உத்தரவு தப்புன்னா ரிட்.

கிரிமினல்ல டிரைவர் விடுதலை ஆயிட்டா நஷ்டஈடு போச்சான்னு எல்லாரும் கேப்பாங்க. போகாது. கிரிமினல்ல நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், டிரிப்யூனல்ல எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினா போதும். ரெண்டு தராசும் வேற.

ஸ்டெப் 3: இப்ப அந்த கைமாத்துக்கு வருவோம்

புரோ நோட்டு (கடனைத் திருப்பித் தர்றேன்னு கையெழுத்துப் போட்ட சீட்டு) எழுதி வாங்கியிருந்தா ஓ.எஸ். போடலாம், கேட்டப்ப தர்றேன்னு எழுதின நோட்டுன்னா தேதியில இருந்து 3 வருஷத்துக்குள்ள போட்டாகணும், விட்டுட்டா உண்மையாவே கடன் குடுத்திருந்தாலும் கேஸ் நிக்காது. செக் குடுத்து பவுன்ஸ் ஆச்சுன்னா கதை வேற. அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ல 138-வது பிரிவு. பேங்க்ல இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ், அது செக் குடுத்தவர் கைக்குப் போனதுல இருந்து 15 நாள் டைம், அப்பவும் தரலன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்ல புகார். காசு விஷயம்தான், ஆனா 2 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு, பாதி சிவில் பாதி கிரிமினல் மாதிரி ஒரு பிராணி.

அப்ப மோசடி கேஸ்? வாங்கும்போதே ஏமாத்துற எண்ணம் இருந்திருக்கணும். வாங்கினப்ப தர்ற எண்ணம் இருந்து அப்புறம் தொழில் நொடிச்சுப் போனா அது மோசடி இல்ல, வெறும் கடன். ஸ்டேஷன்ல சிவில் மேட்டர்னு சொல்றதுக்கு சட்டத்துல இருக்குற காரணம் இதுதான், எல்லா நேரமும் அந்தக் காரணத்துக்காகத்தான் சொல்றாங்களாங்கிறது வேற விஷயம்.

ஸ்டெப் 4: ஒரே ஒரு பிரிவை உடைச்சுப் படிங்க

திருட்டை எடுங்க, பி.என்.எஸ். 303. நோட்டுல அஞ்சு வரியா பிரிச்சு எழுதுங்க: நேர்மையில்லாத எண்ணம், அசையும் பொருள், இன்னொருத்தர் வசம் இருக்கணும், அவர் சம்மதம் இருக்கக்கூடாது, பொருளை நகர்த்தணும். ஒண்ணு குறைஞ்சாலும் திருட்டு இல்ல. இப்ப யோசிங்க, பக்கத்து வீட்டுக்காரன் உங்க நிலத்துல நாலடி தள்ளி வேலி போட்டா திருட்டா? இல்லவே இல்ல, நிலம் அசையாது. ஆனா அதே நிலத்துல மண்ணைத் தோண்டி அள்ளினா? தரையை விட்டுப் பிரிஞ்ச உடனே அது அசையும் பொருள். அதனாலதான் மணல் திருட்டுன்னு கேஸ் இருக்கு, நிலத் திருட்டுன்னு இல்ல. அந்தப் பிரிவுக்குக் கீழ உதாரணமும் குடுத்திருப்பாங்க, பாக்கெட்டுல நாய்க்குத் தீனி வச்சுக்கிட்டு இன்னொருத்தர் நாயைப் பின்னாடி வர வச்சா, எண்ணம் கெட்டதா இருந்தா, நாய் நடக்க ஆரம்பிச்ச நிமிஷமே திருட்டு முடிஞ்சுது. விளக்கங்களையும் உதாரணங்களையும் தாண்டிப் போயிடாதீங்க, பாதி சட்டம் அங்கதான் இருக்கு. இந்தியா கோட் வெப்சைட்ல காசில்லாம படிக்கலாம்.

ஸ்டெப் 5: தேதியைப் பாருங்க

பழைய சினிமா பாத்து 302ன்னா கொலை, 420ன்னா சீட்டிங்னு மனப்பாடம் பண்ணி வச்சிருப்போம். 2024 ஜூலை 1-ல இருந்து மூணு புதுச் சட்டம். 1860-ன் ஐ.பி.சி.க்குப் பதிலா பி.என்.எஸ்., குற்ற விசாரணை முறைக்கு பி.என்.எஸ்.எஸ்., சாட்சியத்துக்கு பி.எஸ்.ஏ. கொலைக்குத் தண்டனை இப்ப 103, மோசடி 318. ஐ.பி.சி.ல மொத்தம் 511 பிரிவு இருந்துச்சு, பி.என்.எஸ்.ல 358தான். ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கு ஐ.பி.சி.தான், அதனால இன்னும் பல வருஷத்துக்கு ரெண்டு நம்பரும் கோர்ட்ல ஓடும். சிவில் பக்கம் இந்தக் குழப்பம் இல்ல, சி.பி.சி. (சிவில் வழக்கு நடத்துற முறைச் சட்டம்) 1908, ஒப்பந்தச் சட்டம் 1872, ரெண்டும் அப்படியே இருக்கு.

ஸ்டெப் 6: கடைசியா அரசியலமைப்பு

எல்லாரும் முதல்ல படிக்கச் சொல்லுவாங்க, நான் கடைசியா வச்சிருக்கேன், ஏன்னா கேஸ் பாத்தப்புறம்தான் அது புரியும். அரசியலமைப்புல 13, 14, 19, 21, 32, 226 இந்த ஆறு பிரிவு மட்டும் போதும். எந்தச் சட்டமும் அடிப்படை உரிமையை மீறினா மீறுற அளவுக்குச் செல்லாதுன்னு 13 சொல்லுது, ஸ்டெப் 1-ல பாத்த டபிள்யூ.பி. 226-ல இருந்துதான் வருது.

அவ்வளவும் ஆனப்புறம் ஒரு நாள் பக்கத்து கோர்ட்டுக்குப் போய் உக்காருங்க. பொதுவா யார் வேணா உக்காரலாம், போனை ஆஃப் பண்ணிட்டு பின் பெஞ்சுல காலைல பத்தரைக்கு. டவாலி (கோர்ட் பியூன்) பேரைக் கூப்பிடும்போது கூடவே அந்த எழுத்தையும் நம்பரையும் சொல்றாங்களான்னு காது குடுத்துக் கேளுங்க, பாதி கேஸ் வாய்தாவுலயே போயிடும், பரவால்ல, மதியத்துக்குள்ள ஒரு குறுக்கு விசாரணையாவது மாட்டும்.