சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு நாள்: எங்கே தவறு நடக்கிறது

ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறவர்கள் பலர் மெல்லிய பருத்திச் சட்டையோடு வந்து இறங்குகிறார்கள். கலிபோர்னியா, அதுவும் கோடை. வெயில் கொளுத்தும் என்ற நினைப்பு. சான் ஹோசேயில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்கியிருக்கும் பெற்றோர் இதில் இன்னும் எளிதாக ஏமாறுவார்கள். காலையில் அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும்; ஒரு மணி நேரம் காரில் வந்தால் பல் கிட்டும். உள்பகுதிப் பள்ளத்தாக்கு சூடாகிக் காற்று மேலெழும்போது, பசிபிக்கின் குளிர்காற்று மூடுபனியோடு கோல்டன் கேட் நீரிணை வழியே உள்ளே பாய்கிறது. அதனால் ஊருக்குள் ஜூலைப் பகலிலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். கையில் ஒரு ஜாக்கெட் கட்டாயம் வேண்டும். தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர், அக்டோபரில் போங்கள், அப்போதுதான் அந்த ஊருக்கு நல்ல வெயில்.

இதே பனியால்தான் கோல்டன் கேட் பாலத்துக்கு ஒரே ஒரு காலை நேரத்தை ஒதுக்கி வைப்பதும் தவறு. பாலம் இருந்த இடமே தெரியாமல் போகலாம். வானம் எப்போது தெளிகிறதோ அப்போது மற்றதை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். 1937-இல் திறந்த பாலம், நீளம் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர். காரில் கடந்துவிட்டால் ஒன்றுமே பார்த்ததாகாது. பாதி தூரமாவது நடங்கள்.

அல்கட்ராஸ் சிறைத் தீவுக்கான சீட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கோடையில் சீட்டு முன்கூட்டியே தீர்ந்துவிடும். 33-ஆம் துறையிலிருந்து கிளம்பும் படகுதான் தீவில் இறக்கிவிடும். வேறு சில படகுகள் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். 1934 முதல் 1963 வரை சிறையாக இருந்த அந்தக் கட்டடத்துக்குள், பழைய காவலர்களும் கைதிகளும் பேசும் ஒலிப்பதிவைக் கேட்டபடி நடப்பது மனதை விட்டுப் போகாத அனுபவம். படகுப் பயணத்தோடு மூன்று மணி நேரம் வையுங்கள்.

தெருவில் தண்டவாளத்தின் மேல் ஓடும் கேபிள் காருக்குப் பவல் தெருவில் வரிசை நீண்டிருந்தால், கலிபோர்னியா தெரு வழித்தடத்துக்குப் போங்கள். கூட்டம் குறைவு.

அப்புறம், வரைபடத்தில் நாலு தெரு என்று தெரிவதை நம்பி வயதானவர்களை நடக்க வைக்காதீர்கள். அந்த நாலு தெருவும் செங்குத்தான ஏற்றமாக இருக்கலாம்.

கடைசியாகச் சொல்வதுதான் மிக முக்கியம். காருக்குள் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். சுற்றுலா இடங்களில் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிப்போவது அங்கே பல காலமாக உள்ள தொல்லை. நிறுத்திய இடத்தில் வைத்துப் பையை டிக்கிக்கு மாற்றினால், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. மாலையில் விமானம் என்றால் பெட்டிகளை விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டு, பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.